தளர்வாகக் கட்டுகிறவள்

என் தங்கை பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால், மூன்றாம் மாதத்திலிருந்து அவள் என் இடுப்பில்தான் வளர்ந்தாள். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அவளுக்காகத்தான். இதை நான் சொல்லிக்காட்டாத ஆள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அவளிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அவள் எதையும் மெதுவாகத்தான் செய்வாள். தலை பின்ன அரை மணி நேரம். பாத்திரம் கழுவினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறினாள். விடை தெரியாமல் இல்லை. மூன்றாவது கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும். வெளியாட்கள் அவளை மந்தம் என்றால் நான் சண்டைக்குப் போவேன், நிதானம் என்று திருத்துவேன். வீட்டுக்குள் வந்ததும் நானே மந்தம் என்பேன்.

அவளைக் கட்டிக்கொண்டவர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். வாய் திறந்து நான்கு வார்த்தை பேசினால் அன்று மழை வரும். ஒரே மகன். அவனுக்கு நான்கு வயதில் குடல் முறுக்கிக்கொண்டு, அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஐந்து மணி நேரம் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் இருந்தேன். அவள் அழவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பையன் பிழைத்தான். இப்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் உள்ளே வருகிறான். ஆனால் அந்த உதட்டசைவு மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் வருடம், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வேலை நோயாளிகள் கண்ணில் படாத வேலை. தியேட்டருக்கு நேர் கீழே, தரைக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருக்கும். அவற்றின் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அறுவைக்குப் பயன்பட்ட கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாம் பக்கத்து அறையில் கழுவப்பட்டு, சுவரில் உள்ள சின்னக் கதவு வழியாக எங்களிடம் வரும். நாங்கள் ஒவ்வொன்றையும் பார்த்து, தட்டில் அடுக்கி, இரண்டு துணியில் சுற்றி, டேப் ஒட்டி, தேதியும் கட்டியவரின் எண்ணும் எழுத வேண்டும். என் எண் மூன்று. அவள் எண் பதினொன்று. பிறகு எல்லாம் ஆட்டோகிளேவுக்குள் போகும். அது ஆள் உயரப் பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீராவி துணிக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் கொன்றுவிட்டு வரும்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிற மெஷின்காரர் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பவர். எனக்கு வைத்தது "இஸ்திரியம்மா." நான் கட்டிய பொட்டலத்தின் மூலைகள் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. மேலே ஒரு தட்டுத் தட்டினால் பலகையைத் தட்டிய சத்தம் வரும். தங்கைக்கு வைத்தது "முணுமுணு."

சேர்ந்த புதிதில் ஒருநாள், அவள் கட்டப்போகும் தட்டின்மேல் குனிந்து ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்து, என்னடி மந்திரமா என்று கேட்டேன்.

"இல்லக்கா. இது யாருக்குப் போகுதோ, அவங்ககூட இருன்னு சொல்றேன்."

"யாருக்குப் போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியுமே."

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும் என்றேன். அதற்கு அவள், தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். மேற்பார்வையாளருக்கா என்று கேட்டேன். கடவுளுக்கு என்றாள். பயப்படுகிறவள் எட்ட நிற்க வேண்டும், நீ என்னவோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாயே என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பையனை உள்ள கொண்டுபோன அன்னிக்கு நான் பயந்து செத்துப்போய் உக்காந்திருந்தேன்லக்கா? அன்னிக்கு மாதிரி அவர் பக்கத்துல இருந்து நான் பார்த்ததே இல்ல. கையை நீட்டினா படும் போல இருந்தது. உள்ள அவனுக்கு எடுத்த கத்தரியைக்கூட யாரோ ஒருத்தங்கதானே கட்டியிருப்பாங்க. அவங்க அசட்டையா இருந்திருந்தா?"

அதற்குள் நான் இரண்டு பொட்டலம் கட்டி முடித்திருந்தேன்.

எனக்குப் பக்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடிவதற்கு முன் குளித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். வழிபாட்டுக்குப் போனால் முன்வரிசை. ஆனால் உள்ளதைச் சொன்னால், என் கடவுள் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வு அதிகாரியைப் போன்றவர். வருவார், மூலைகளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். அவர் போன பிறகு நான் என் பாட்டுக்கு இருப்பேன். அப்படி ஓர் ஆய்வில் ஓர் அதிகாரி என் பொட்டலத்தைக் கையில் எடுத்து, "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே" என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை சந்தோஷம்.

தங்கையின் பொட்டலங்கள் பார்க்க அசிங்கமாக இருக்கும். தொளதொளவென்று, பசித்த வயிறு மாதிரி நடுவில் குழிந்திருக்கும். ஆவி உள்ளே போக இடம் விட வேண்டும் என்று சேர்ந்த அன்றே மெஷின்காரர் சொல்லிக்கொடுத்ததை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நானும் அதைக் கேட்டவள்தான். ஆனால் அது கை பழகாதவர்களுக்குச் சொல்வது என்று நானாகவே வைத்துக்கொண்டேன். ஒருமுறை அவர் என் மேசையைக் கடந்துபோகும்போது, "இஸ்திரியம்மா கட்டினா காத்துகூட உள்ள போகாது" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தங்கையிடம் சொல்லிக்கொண்டு போனேன்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது பொட்டலம் என்று விதி. நான் ஐம்பத்திரண்டு கட்டுவேன். அவள் இருபத்தெட்டைத் தாண்டமாட்டாள். இப்படியே போனால் அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். என் கையெழுத்து அழகாக இருப்பதால் எல்லாப் பொட்டலத்துக்கும் நான்தான் தேதியும் எண்ணும் எழுதுவேன். ஆகவே நாளின் கடைசியில் நான் கட்டும் பன்னிரண்டில் என் எண்ணுக்குப் பதிலாகப் பதினொன்று என்று எழுதிவிடுவேன். அவளுக்கும் நாற்பது, எனக்கும் நாற்பது. ஆரம்பத்திலேயே அவள் வேண்டாம் என்றாள். நான் கட்டாததற்கு என் எண் எதற்கு, அது பொய்யில்லையா என்று கேட்டாள். "உன் பிழைப்புக்காகத்தான்டி இந்தப் பொய். நன்றியாவது இருக்கட்டும்" என்று அவள் வாயை அடைத்தேன். அதன் பிறகு நான் எழுதும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏழு வருடம் இப்படி நடந்தது.

பொட்டலத்துக்கு உள்ளே வரைக்கும் ஆவி போனதா என்று பார்க்க ஒரு சின்னச் சீட்டு உண்டு. நடுவில் வைத்துக் கட்ட வேண்டும். ஆவி பட்டால் வெளுப்பாக இருப்பது கறுப்பாகும். மெஷின் ஓடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் பொட்டலங்களில் ஏதாவது ஒன்றில் வைத்தால் போதும் என்றிருந்தார்கள். அந்த ஒன்றை நான் எப்போதும் தங்கை கட்டியதில்தான் வைத்தேன். என்னுடையதில் வைத்தால் மேல்துணியில் புடைப்புத் தெரியும். சீட்டு தவறாமல் கறுத்து வந்தது. நானும் ஏழு வருடம் தவறாமல் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிறகு புதுத் துணி வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு கனம். மடித்தால் மடிந்து நிற்காமல் எழும்பும். இன்னும் தளர்வாகக் கட்டுங்கள் என்று மெஷின்காரர் எல்லோரிடமும் சொன்னார். தங்கை தன் பொட்டலத்தை இன்னும் அசிங்கமாகக் கட்டினாள். எனக்கு அந்தத் துணியோடு ஒரு ரோஷம். முழங்கையால் அழுத்தி, மடிப்பை இழுத்து, முன்பைவிட இறுக்கமாகக் கட்டினேன். துணியோடு ஒரு புது விதியும் வந்தது: இனி ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு வைக்க வேண்டும். ஆனால் சீட்டுப் பெட்டி ஒன்பது நாள் தாமதமாகத்தான் வந்தது. பத்தாம் நாள் சாயங்காலம் அது கைக்கு வந்ததும், அன்றைய கடைசிப் பன்னிரண்டிலும் வேறு வழியில்லாமல் வைத்துக் கட்டினேன்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்குத் தியேட்டர் சிஸ்டர் கீழே வந்தார். தியேட்டரின் பொறுப்பு முழுக்க அவருடையது. கையில் ஒரு தட்டு. தட்டில் பிரித்த பொட்டலம் மூன்று. மூன்றின் நடுவிலும் சீட்டு, கோழிமுட்டை ஓடு மாதிரி வெளுப்பாக இருந்தது. மேல் டேப்பில் எண் பதினொன்று.

பிரித்துப் போட்டிருந்தாலும் துணியின் மடிப்புத் தடம் அப்படியே இருந்தது. கத்தியால் கீறியது போன்ற கோடுகள். அது யார் கை என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தங்கைக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று கட்டுகிறவள்.

"இது நீ கட்டினதா?" என்று சிஸ்டர் அவளிடம் கேட்டார்.

அவள் தட்டைப் பார்த்தாள். "நம்பர் என்னோடதுதான் சிஸ்டர்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். நான் சொன்னது, "புதுத் துணி சிஸ்டர், அவளுக்கு இன்னும் கை பழகல" என்பது.

இந்த ஒரு வாக்கியத்தை எழுத நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

சேமிப்பு அலமாரியில், சீட்டு வருவதற்கு முன் எங்கள் இருவர் எண்ணிலும் கட்டியவை இன்னும் அறுபத்துநாலு இருந்தன. அவற்றில் சீட்டு கிடையாது. பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஆவி போனதா என்று யாருக்கும் தெரியாது. தங்கை முன்னால் வந்து, எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள். எல்லாவற்றையும் தானே திரும்பக் கட்டித் தருவதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் எடுத்தால் மத்தியானம் நடக்க வேண்டிய ஆபரேஷன் நின்றுபோகும் என்றார் சிஸ்டர். "நீ செஞ்சதுக்கு அக்காவையும் சேர்த்து இழுக்காத" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம், "பதினொண்ணை மட்டும் எடுங்க. மூணாம் நம்பர் இருக்கட்டும், அது இவங்க கை" என்று என்னைக் காட்டினார். ஆய்வு அதிகாரி பாராட்டியபோது எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரியே அப்போதும் பார்த்தார்கள்.

தங்கையை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவள் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள், வழக்கம்போல மெதுவாக. மெஷின்காரர் மட்டும் பிரித்த துணியைத் தூக்கி மடிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முணுமுணுவுக்கு ஒரே ராத்திரியில கை இவ்வளவு திருந்திடுச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார். வாசலைத் தாண்டும் முன் தங்கை ஒருமுறை திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சின்ன வயதில் நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, திரும்பி வருவேனா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

அவள் எண் போட்டவற்றை எல்லாம் எடுத்துவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை அவள் கட்டிய நல்ல பொட்டலங்கள். என் எண் போட்டவை முப்பத்தொன்று, மூலை மடங்காமல், வரிசை கலையாமல் அலமாரியில் இருந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் ஆபரேஷன். அதற்கான பொட்டலங்கள் ஒன்றரை மணிக்குத் தள்ளுவண்டியில் மேலே போகும்.

நான் மேசைக்குத் திரும்பினேன். நான்கு பொட்டலம் கட்டினேன், தளர்வாக. பார்க்க அசிங்கமாக இருந்தன. பக்கத்தில் முணுமுணுப்புச் சத்தம் இல்லை. ஏழு வருடம் எரிச்சலூட்டிய சத்தம் அது. மனம் தன் பாட்டுக்கு வாதாடிக்கொண்டிருந்தது. என்னுடைய எல்லாமே பழுது என்று எப்படிச் சொல்ல முடியும், மூன்றுதானே கறுக்காமல் போனது, ஒன்பது நாளாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, நான் போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் சோறு ஏது. எல்லா வாதமும் மூலை மடங்காமல் இருந்தது.

மணி ஒன்று இருபத்தைந்து ஆனபோது அலமாரியிலிருந்து என் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சீட்டு இல்லாவிட்டாலும் ஏதாவது தெரியுமா என்று. உள்ளே இடுக்கிகள் வரிசையாக, அழகாக இருந்தன. ஒன்றும் தெரியவில்லை. அது யாருக்குப் போகப் போகிறது என்று முதல்முறையாக யோசித்தேன். கடவுளே என்று சொல்லப் பார்த்தேன். தினமும் விடியற்காலையில் சொல்வதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வேலை போகும் என்ற பயம் இல்லை அது. யாரோ ஒருவர் என் முதுகுக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில், காலையிலிருந்தே ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறார், நான் இப்போதுதான் கவனித்தேன் என்பது போன்ற பயம். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தள்ளுவண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். மூச்சு வாங்கியது. ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு. படி முடியும் இடத்தில் தியேட்டர் கதவு. கதவுக்கு வெளியே பெஞ்ச். பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாக்கா" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. உள்ளே போகும் எந்தப் பொட்டலமும் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை பதினொன்றிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள்.

"வண்டி வந்தா நானே நிறுத்தியிருப்பேன். எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். உனக்காகக்கூட என்னால விட முடியாதுக்கா, உள்ள படுத்திருக்கிறது யாரோ ஒரு உசுரு. ஆனா நீயே வந்து சொல்லணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். நீ வருவேன்னு தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

லிஃப்ட் கதவு திறந்து தள்ளுவண்டி வெளியே வந்தது. நான் அதன் குறுக்கே நின்று, தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, என்ன இது, நேரமாகிறது என்றார். ஏழு வருடக் கதையை ஒழுங்காக, முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"காலையில நீங்க கொண்டுவந்த மூணும் என் கை சிஸ்டர். நம்பர் மட்டும் அவளோடது. இந்த வண்டியில இருக்கிறதும் என் கைதான். உள்ள கொண்டுபோகாதீங்க."

"நீங்களா?" என்றார் சிஸ்டர். திட்டவில்லை. ஃபோனை எடுத்து அலமாரியைப் பூட்டச் சொன்னார்.

அன்றைய ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அதற்காகக் காத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர், குடலிறக்கம். பச்சை அங்கியோடு சக்கர நாற்காலியில் திரும்பக் கொண்டுபோகும்போது தள்ளுகிறவரிடம் புலம்பிக்கொண்டே போனார். "காலையிலேர்ந்து பச்சத் தண்ணி இல்ல தம்பி. டீசல் ஊத்தாம லாரியே ஓடாது, நான் எப்படி ஓடுவேன்?" எங்களைக் கடக்கும்போது, இரண்டு பெண்கள் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உள்ளே எங்களுக்கு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். தங்கை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னால் தலை நிமிரவே முடியவில்லை.

விசாரணை நான்கு நாள் நடந்தது. வேலை போகவில்லை. என் இடம் போனது. இப்போது நான் சுவருக்கு அந்தப் பக்கம், ரத்தமும் சளியும் ஒட்டி வரும் கருவிகளைக் கழுவும் அறையில் இருக்கிறேன். எண்ணை மாற்றி எழுதுவதைத் தெரிந்தே விட்டதற்காகத் தங்கைக்கும் எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது. அது நியாயம்தான் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது எல்லோரும் தளர்வாகத்தான் கட்டுகிறார்கள். கட்டுவதை மேற்பார்க்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். நாற்பது என்ற விதியும் முப்பதாகிவிட்டது. அவள் இருபத்தெட்டில்தான் நிற்கிறாள்.

அந்த ஒன்பது நாளில் என் பொட்டலம் யார் யாருக்குப் போனது என்று பட்டியல் எடுத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னையே எழுதவைத்தார்கள். பதினொரு பேர். படுக்கை எண், வயது, எங்கே கிழித்தது. பத்துப் பேர் நன்றாகத் தேறினார்கள். ஒரு பெண், தையல் மெஷினில் வேலை செய்கிறவர், பித்தப்பைக்கு வந்தவர், அவருக்கு மட்டும் காயத்தில் சீழ் வைத்தது. இது எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கோ கிருமி பட்டிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவரிடம் பொதுவாகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் விட்டுவிடத்தான் பார்த்தேன். இதனால்தான் என்று சொல்ல முடியாது என்பதை ஒரு வாரம் மனதுக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

"போய் பாரு" என்றாள் தங்கை. அவள் எனக்கு ஏதாவது சொல்லிக்கொடுப்பது அதுவே முதல்முறை.

சாயங்காலம், வேலை முடிந்த பின் அவர் இருந்த வார்டுக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். காய்ச்சல் விட்டிருந்தது; தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு ஆபரேஷனுக்குப் போன பொட்டலம் நான் கட்டியது என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்படியாம்மா? எங்க கண்ணுக்கே தெரியாம எத்தனை பேர் எங்களுக்காகப் பாடுபடுறீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

என் கை அவர் கைக்குள் இருந்தது. இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்படியே நன்றியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். நான் சொல்லாவிட்டால் இவருக்குத் தெரியப்போவதில்லை என்று மறுபடியும் தோன்றியது, அந்த நிமிடத்திலும். பின்னால் தங்கையின் உதடு அசைவது எனக்குக் கேட்டது. யாருக்காக என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இல்லம்மா. நான் சொல்ல வந்தது வேற. தப்பாக் கட்டிட்டேன்" என்றேன். ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை மெதுவாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.